ஆற்றின் இரு கரையும் இரு மாவட்டம்

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆணை எங்கள் கொசாக் படைப்பிரிவைக் கலைத்தது. பிறகு நாட்டை மாவட்டங்களாக வெட்டினார்கள். கோடு எங்கள் ஆற்றின் நடுவே போனது. படைப்பிரிவின் எழுத்தராக இருந்த என்னையே மேற்கரையில் குடிமதிப்பு எழுத வைத்தார்கள்.

எதிர்க்கரையில், ஒரு பிரபுவின் நிலத்தில், என் தங்கை வார்கா குடியிருந்தாள். கணவன் ஒமெல்கோ படகோட்டி. பிரபுவின் நிலத்தில் பெயர் பதிந்தவன் அங்கேயே கட்டுண்டு போவான், நிலத்தோடு சேர்த்து விற்பார்கள் என்று மாவட்ட அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆத்துமேல கோடா? தண்ணியே அழிச்சிரும் மச்சான்," என்று சிரித்தான் ஒமெல்கோ.

"சிரிக்காதீங்க மாப்ள. உங்க பேர எழுதிட்டாங்களா?"

"முந்தாநாளே. என்னை மட்டும்தான். இவளும் புள்ளையும் சந்தைக்குப் போயிருந்தாங்க."

வார்கா என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எங்க ரெண்டு பேரையும் உன் கரையில எழுதிடு. அங்க பிரபு இல்ல."

"கட்டினவன் எங்கன்னு கேப்பாங்களே?"

ஒமெல்கோதான் சொன்னான்: "விதவைன்னு எழுது மச்சான்."

'ஒமெல்கோவின் விதவை' என்று எழுதினேன். மை சிந்தியது. அன்றே வார்காவும் மகளும் என் வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

வசந்தத்தில் அந்தப் பேச்சு சட்டமாகவே வந்துவிட்டது. அனுமதிச் சீட்டில்லாமல் எவரும் ஆற்றைக் கடக்கக் கூடாது. படகைச் சங்கிலியால் பூட்டினார்கள். எதிர்க்கரையில் நிற்கும் அப்பாவைப் பார்த்துக் கையசைக்கும் மகளின் கையை வார்கா பிடித்து இறக்கிவிடுவாள்.

அறுவடைக்கு முன் பிரபுவின் காரியஸ்தன் ஒமெல்கோவைக் கூப்பிட்டான்.

"பொண்டாட்டி எங்கடா?"

"செத்துட்டாய்யா."

"அப்ப சரி. சமையக்காரி பராஸ்கா தனியாத்தான் கிடக்கா. அறுப்பு முடிஞ்சதும் பாதிரியாரைக் கூப்பிடறேன்."

ஞாயிறு நண்பகல். எல்லாரும் தேவாலயத்தில். ஒமெல்கோ சங்கிலியை உடைத்துக்கொண்டு வந்தான். என் வீட்டில் ஒரு வாய் ரொட்டிகூடத் தின்னவில்லை. வார்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மூவரும் தெற்கே, ஆளுயரப் புல்லுக்குள் போனார்கள். புல்லின் அசைவு அடங்கும்வரை நின்றிருந்தேன்.

மூன்றாம் நாள் இரு மாவட்டத்து அதிகாரிகளும் சேர்ந்தே வந்தார்கள். இரண்டு பட்டியல்களையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள்.

"இந்த விதவையோட புருஷன் பேர கொஞ்சம் சத்தமாப் படிங்க, எழுத்தரே," என்றார் ஒருவர், மரியாதையாகவே.

படித்தேன். அவர் விரல் எதிர்க்கரைப் பட்டியலில் அதே பெயர்மேல் நின்றது.

சிறையில் தினமும் ஒரே கேள்வி. எந்தப் பக்கம் போனார்கள்? பல் இரண்டு போனபிறகு வாய் திறந்தேன்.

"வடக்கே," என்றேன்.

குதிரைகள் வடக்கே கிளம்பும் சத்தம் கேட்டது.