சோதிலிங்கத்தாரின் வாய்ப்பூட்டு

சோதிலிங்கத்தார் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பது கட்டுகஸ்தோட்டை முழுக்கத் தெரிந்த விஷயம். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆளைக் கண்டால் போதும், கதை தொடங்கிவிடும். அந்த மனுஷன்தான் அன்று சொந்த வீட்டுக் கூடத்தில், வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

காரணம், மகள் தர்சிகா. ஒரு கிழமையாக அவருக்கு வகுப்பெடுத்திருந்தாள். அவள் விரும்பிய கஜேந்திரன் மலையகத்துப் பிள்ளை. அவனுடைய தகப்பன் வீரய்யா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பிலிமத்தலாவையில் கடை போட்டு முன்னுக்கு வந்தவர்.

"அப்பா, 'தோட்டக்காட்டான்' எண்ட சொல் உங்கட வாயில வரவே கூடாது."

"நான் ஆரையும் நோகடிக்கச் சொல்லுறேல்லைப் பிள்ளை. எங்கட காலத்தில எல்லாரும் அப்பிடித்தானே சொன்னவை."

"சொன்னவைக்கு நோகேல்லை அப்பா. கேட்டவைக்குத்தான் நொந்தது."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுபது வயதில் பேசப் பழக்க வந்துவிட்டாள்! ஆனால் ஆற அமர யோசித்தபோது பயம்தான் மிஞ்சியது. அந்தச் சொல் தன் நாக்கில் எத்தனை தரம் தானாக வந்து விழுந்திருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும். ஒரே மகள். ஒரு சொல்லால் அவள் கல்யாணம் குழம்பினால்? வாயையே திறக்காமல் இருப்பதுதான் புத்தி என்று முடிவெடுத்தார்.

கல்யாணம் பேச வந்த வீரய்யாவும் கஜேந்திரனும் தேநீரோடு பற்றிஸ் சாப்பிட்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். சோதிலிங்கத்தார் "ஓம்" என்றார். கடையைப் பற்றிச் சொன்னார்கள். அதற்கும் "ஓம்". வீரய்யா தோட்டத்துக் கதையைத் தொடங்கியதுமே மனுஷன் பயந்துபோய் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

வீரய்யா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "கஜேன், வா போவோம். ஐயாவுக்கு நம்மகூடப் பேசப் பிடிக்கல போல. என்ன இருந்தாலும் நாங்க தோட்டத்து ஆளுங்கதானே."

தர்சிகாவின் கண் கலங்கியதைக் கண்டதும் சோதிலிங்கத்தார் வாயைத் திறந்தார்.

"ஐயோ, இருங்கோ! பிடிக்காமல் இல்லை. பயம். அந்தப் பழைய சொல்லு வாயில வந்திடுமோ எண்டுதான் பேசாமல் இருந்தனான். பிள்ளை ஒரு கிழமையாப் படிப்பிச்சவள். எண்டாலும் எனக்கு என்ரை வாயில நம்பிக்கையில்லை."

தர்சிகா தலையில் கைவைத்துக்கொண்டாள். எல்லாம் போச்சு என்றுதான் அவரும் நினைத்தார்.

கஜேந்திரன்தான் முதலில் சிரித்தான். "அங்கிள், எங்க வீட்டுலயும் அப்பாவுக்குப் பாடம் நடந்துச்சு. 'பனங்கொட்டை'ன்னு சொல்லிராதீங்கன்னு."

யாழ்ப்பாணத்தாரைக் கேலி செய்கிற அந்தச் சொல்லைக் கேட்டு, யாழ்ப்பாணத்தாரான சோதிலிங்கத்தாரே வயிறு குலுங்கச் சிரித்தார்.

வீரய்யா சிரிக்கவில்லை. கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஐயா, பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில, பஸ்ஸுல, அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். சொன்னவங்க ஒருத்தரும் யோசிச்சுப் பாத்ததில்ல. அதைச் சொல்லிறக் கூடாதேன்னு ஒரு மனுஷன் பயந்து உக்காந்திருக்கறத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சோதிலிங்கத்தார் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இருங்கோ சம்பந்தி," என்றார். "சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."