அலமாரிக் கதவின் உள்பக்கம்

அப்பாவை வண்டியில் ஏற்ற நாலு பேர் குனிந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். போன் மகளின் கையில் இருந்தது. நேற்றுக் காலை செருப்பு மாட்டக் குனிந்த மனிதர் அப்படியே சரிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து விழுந்தது அது. எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

"அதை அணைச்சுத் தொலையேன்," என்றான் அண்ணன், தலைமாட்டைப் பிடித்தபடி. "நேத்துலேருந்து ஓயல."

அது அப்பாவின் சொந்தப் போன்கூட இல்லை. விடுதி கொடுத்தது. காலையில் மலர்வளையத்தோடு வந்த விடுதிக் குமாஸ்தா, மென்று விழுங்கி, சாயங்காலம் வந்து அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளைக்குப் புது ஆள் வருகிறாராம்.

அப்பா இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தது பல்கலைக்கழகத்தின் முதலாண்டு விடுதியில். பழங்காலக் கட்டடம். நூற்றுப் பன்னிரண்டு அறைகள், எல்லாவற்றுக்கும் கனத்த மரக்கதவு, சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. வீட்டில் யாராவது கதவு திறந்துவிட்டே பழகிய பிள்ளைகள் அங்கே வந்து சேருவார்கள். முதல் வாரமே ஒருவன் துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போவான். திரும்பி வந்தால் சாவி உள்ளே, அவன் வெளியே. உடனே 'சாவி அண்ண'னுக்குப் போன் போகும். பையன்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

அதிலும் சொல்லிவைத்தாற்போல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் எல்லோருக்கும் சாவி மறக்கும். "சக்களத்தி கூப்பிடுறா, என்னன்னு கேளுங்க," என்பாள் அம்மா. அப்பாவின் கை தட்டில் இருக்கும். ஆறு வயது மகள் போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எட்டு வயதில், கேட்டுக் கேட்டுப் பழகி, கதவைத் திறக்கும் வழியை அவளே சொல்லத் தொடங்கினாள். பன்னிரண்டு வயதில் நிறுத்திவிட்டாள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய கதையை அன்று அவள் பாதி சொல்லியிருப்பாள், போன் அடித்தது, அப்பா கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

"இனிமே நான் எடுக்க மாட்டேன்," என்றாள் மறுநாள்.

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு சாப்பிடப் பழகிக்கொண்டார். இந்தப் பதினைந்து வருஷமும் அவளை உள்ளுக்குள் அரித்தது அந்த ஒன்றுதான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தான் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அடித்து ஓய்ந்த போன் அவள் கையில் மறுபடி அடித்தது. அவள் சமையலறைக்குள் போய் எடுத்தாள்.

"அண்ணே, சாவி அண்ணே! தலையெல்லாம் சோப்பு. கதவு சாத்திக்கிச்சு. அரை மணி நேரத்துல முதல் பரீட்சை, நுழைவுச்சீட்டு உள்ள மாட்டிக்கிச்சு. இது பக்கத்து ரூம் பையன் போன், அவனும் கிளம்பணும்ங்கிறான்..."

"எந்த மாடி?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா முதலில் கேட்பது இதைத்தான். கீழ்த்தளத்துக் கதவுகள் தன் பக்கம் இழுத்தால் இளகும். இரண்டாவது மாடியில் தூக்க வேண்டும். மேல்மாடியில் மழை குடித்து உப்பிய கதவுகளோடு காலால்தான் பேச வேண்டும். இதையெல்லாம் அப்பா அலுவலகத்தில் மூச்சுவிட்டதில்லை. தெரிந்தால் மொத்தப் பூட்டையும் மாற்றித் தொலைப்பார்கள் என்பார்.

"ரெண்டாவது. நீங்க..."

"கைப்பிடியைத் திருப்பாத. அப்படியே மேல தூக்கு. இன்னும் கொஞ்சம். விட்டுடாத. இப்ப கீழ் மூலையில முழங்காலால ஒரு இடி குடு."

டொக்கென்று ஒரு சத்தம். பிறகு கதவு முனகித் திறப்பது கேட்டது.

"வந்துருச்சுக்கா! நீங்க அந்தப் பொண்ணுதானே?"

"எந்தப் பொண்ணு?"

"அண்ணனோட பொண்ணு. அலமாரிக் கதவுல எழுதியிருக்கே."

ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்கள் வருவதற்கு முன்னால் விடுதியின் அலமாரிகளுக்கெல்லாம் வண்ணம் அடிப்பார்கள். அது காய்ந்ததும் அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு அலமாரிக் கதவின் உள்பக்கமும் தன் போன் நம்பரை எழுதுவார். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நம்பரோடு வேறு ஏதோ எழுதுவார் என்பது தெரியாது.

"என்ன எழுதியிருக்கு? படி."

"'எதற்கும் கூப்பிடலாம். சாப்பாட்டு நேரத்தில் என் மகள் எடுப்பாள். அவளுக்கும் எல்லாம் தெரியும்.' அப்புறம் நம்பர்."

"பழசா இருக்கும். அழிக்காம விட்டிருப்பாங்க."

"இல்லக்கா, இந்த வருசம் எழுதினது. பெயின்ட் வாசனையே இன்னும் போகல. நாங்ககூட அண்ணனைக் கேட்டோம், உங்க பொண்ணு எடுக்கவே மாட்டேங்குதேன்னு. 'அவ வேலையா இருக்கா, இன்னொரு நாள் எடுப்பா'ன்னாரு."

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருஷம், வருஷத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு கதவு. ஒரு வருஷமாவது அந்த வரியை விட்டிருக்கலாம். கை வலித்திருக்கும். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணன் இல்லையாக்கா?"

வாசலில் வண்டியின் கதவைச் சாத்தினார்கள். அண்ணன் அவளைக் கூப்பிட்டான்.

"நீ பரீட்சைக்கு ஓடு," என்றாள். "தலையைக் கழுவிட்டு ஓடு."

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அம்மா அவளை இழுத்து உட்காரவைத்துச் சோறு போட்டாள். மகள் போனை மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

இரண்டாவது வாய் எடுக்கும்போது குமாஸ்தா வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"சாப்பிடும்மா, சாப்பிடு. நான் அவசரப்படுத்தல."

"எடுத்துக்கங்க," என்றாள்.

அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தான். குமாஸ்தா போனைத் துண்டால் துடைத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவராகக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சாவிக்கொத்தைப் புது ஆள்கிட்ட குடுத்துருவோம். போகப் போகக் கத்துக்குவாரு. ஆனா இவரு மாதிரி..." என்று இழுத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு படி இறங்கினார்.

தெருவை எட்டியிருக்க மாட்டார், போன் அடித்தது.

"சக்களத்தி கூப்..." என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தினாள். கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, நேற்றிலிருந்து அழாத அழுகையை அழுதாள்.

வெளியே குமாஸ்தாவின் குரல் கேட்டது. "ஆமா, அவர் போன்தான்... இல்லப்பா, அவர் வந்து... நீ வெளியில நிக்கிறியா? சாவி எங்க இருக்கு? உள்ளயா?"

அவர் திரும்பி வாசலுக்கு வந்தார். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். அண்ணன் கையை நீட்டினான். மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் கை தட்டில் இருந்தது. கழுவிவிட்டு வந்திருக்கலாம். எழுந்திருக்காமல் தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்தாள். குமாஸ்தாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, போனை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"எந்த மாடி?" என்று கேட்டாள்.