ஒரு விரல் அளவு வலி

கால் வாத்தியார் என்று அவருக்குப் பெயர் வைத்தது மற்ற கோச்சுகள்தான். கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் வருஷம் போகப் போக, அவரிடம் ஓடும் பிள்ளைகளில் ஒன்றுகூடக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை என்று தெரிந்ததும், கேலி செய்தவர்களே தங்கள் பிள்ளைகளை அவரிடம் காட்ட அனுப்பினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டேடியத்தில் கேலரிக்கு அடியில் ஒரு நீள அறை உண்டு. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் எல்லோரும் அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சாக்ஸைக் கழற்ற வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். வாத்தியார் முகம் சுளிக்கமாட்டார். ஒவ்வொரு பாதமாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் திட்டு விழும். சேற்றுப்புண் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. நகத்தை வளைத்து வெட்டியிருந்தால் போச்சு. "ஓரம் சதைக்குள்ள போய்க் குத்தும், அப்ப உக்காந்து அழுவ. நேரா வெட்டுன்னு எத்தன தடவ சொல்றது?" என்று பாதத்தை உதறிவிடுவார். பிறகு ஷூவைத் தலைகீழாகப் பிடித்துக் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தேய்ந்திருந்தால் அந்த ஷூ அத்தோடு சரி, புதுசு வாங்காமல் டிராக்கில் கால் வைக்க முடியாது. தூரத்தை ஒரேயடியாக ஏற்றவிடமாட்டார். படி விளிம்பில் நிற்கவைத்துக் குதிகாலை ஏற்றி இறக்கச் சொல்லி உயிரை வாங்குவார்.

கடைசியாக அவருடைய கட்டைவிரல். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வருவார். "வலி உள்ளங்கை நீளத்துக்குப் பரவி இருந்தா அது சதை. ஐஸ் வை, மெதுவா ஓடு, போயிடும். ஒரே எடத்துல ஒரு விரல் அளவுக்கு இருந்தா அது எலும்பு. அன்னியோட நிறுத்திடணும். வாரக்கணக்குல ஓட்டங்கிற பேச்சே கூடாது." பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்ன டாக்டரிடமே ஒரு பெண், "எங்க வாத்தியார் பாத்துட்டாரு சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாளாம். தன் கால் தன்னிடம் என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கமே அந்தக் கூட்டத்துக்கு விட்டுப்போய்விட்டது. எல்லாவற்றையும் அவர் விரல்தான் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டிலேயே ஓடுகிற பிள்ளைகள் இரண்டு. ஒருத்தி அவர் பெற்ற மகள். இன்னொருத்தி அண்ணன் மகள். அண்ணனும் அண்ணியும் ஒரே விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். மைதானத்தில் அவளைக் கடிகாரம் என்பார்கள். மணி பார்க்காமலே எல்லாச் சுற்றையும் ஒரே நேரத்தில் ஓடுவாள். ஆனால் கடைசிச் சுற்றில் மற்றவர்கள் பறக்கும்போதும் அதே வேகம்தான். அதனால் ஜெயித்ததே இல்லை. மகள் இதற்கு நேர்மாறு. வேகத்துக்குக் குறைச்சலில்லை, நிதானம்தான் பூஜ்யம். முதல் மூன்று சுற்றில் வாணவேடிக்கை காட்டிவிட்டுப் பாதியிலேயே நாக்குத் தள்ளி நிற்பாள்.

வாத்தியார் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. எட்டுச் சுற்று வரைக்கும் கடிகாரம் முன்னால் ஓடுவாள். மகள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவாள். அப்புறம் கடிகாரம் ஒதுங்கிக்கொள்ள, மகள் மிச்சத்தைப் பறந்து முடிப்பாள். தேர்வு ஓட்டத்தில் குறித்த நேரத்துக்குள் முடித்தால் உறைவிடப் பயிற்சி முகாமில் இடம். சாப்பாடு, படிப்பு, பிற்பாடு வேலை, எல்லாம் அதிலிருந்துதான் வரும். வயது வரம்பின்படி மகளுக்கு இதுதான் கடைசி வருஷம். அண்ணன் மகளுக்குப் போன வருஷத்தோடு வயது தாண்டிவிட்டது; கூட ஓடலாம், இடம் கிடையாது. அவளுக்காக அப்போது யாரும் முன்னால் ஓடவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மகளுடைய ஷூ தேய்ந்து சோதனையில் தோற்றுப்போனால் குப்பைக்குப் போகாது. வாத்தியாரின் மனைவி அதைக் கழுவிக் காயவைத்து அண்ணன் மகளின் கட்டிலுக்கடியில் வைத்துவிடுவாள். "இன்னும் பாதி உசுரு இருக்குல்ல, தூக்கிப் போட மனசு வரல" என்பாள். திங்கட்கிழமை எல்லோர் ஷூவையும் தலைகீழாகப் பிடிக்கும் வாத்தியார், இவள் முறை வந்தால் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவார். அந்தப் பெண்ணும் ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டதில்லை. காலையில் கூட்டத்தோடு ஓடுவாள். சாயங்காலம் தங்கைக்காகச் சிமெண்ட் ரோட்டில் இன்னொரு தடவை ஓடுவாள். மற்ற பிள்ளைகளுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுகூட இவளுக்குக் கிடையாது. கேட்க அப்பன் ஆத்தா இருந்தால் அல்லவா!

தேர்வு ஓட்டத்துக்கு முந்தின வாரம். மற்ற பிள்ளைகள் போன பிறகும் அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. மகள் வாசலில் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, இங்க வலிக்குது" என்றாள். சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலின் நுனியை எலும்பின் மேல் வைத்தாள். "இந்த ஒரு எடம்தான். ரெண்டு வாரமா இருக்கு. இப்பல்லாம் படுத்திருந்தாலும் வலிக்குது."

வாத்தியார் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தார். அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. தோலுக்கு அடியில் ஒரு பருப்பு அளவுக்கு மேடு தட்டியது. பாத விரல்கள் ஐந்தும் சுருண்டன. பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளை எந்த வலிக்கு நிறுத்தினாரோ அதே வலி.  ஆனால் அவர் நினைப்பு அண்ணன் மகளிடம் போகவில்லை. கடிகாரம் இல்லாவிட்டால் சின்னவள் என்ன ஆவாள் என்றுதான் முதலில் தோன்றியது.

விரலை எடுத்துவிட்டு உள்ளங்கையால் கெண்டைச்சதையை வளைத்துப் பிடித்தார். பிடித்துக் கசக்கினார்.

"இங்க வலிக்குதா?"

"ஆமா சித்தப்பா."

"இங்க?"

"ஆ... ஆமா."

"கீழ, இங்க?"

"வலிக்குது."

அந்தப் பிடி பிடித்தால் எருமைக்கும் வலிக்கும். "பாத்தியா, பரவலா இருக்கு. சதைதான்" என்றார். "டேப் போட்டு விடறேன். ஓடு, சூடு ஏறினா சரியாப் போயிடும்."

அவள் முகம் தெளிந்துபோனது. "எலும்போன்னு பயந்துட்டேன் சித்தப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படித்தான் டேப்பைக் கிழித்தாரோ தெரியவில்லை, பிசிறில்லாமல் கிழித்து அழகாக ஒட்டினார்.

வண்டியில் போகும்போது கடிகாரம் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அக்கா ஒரு விரலத்தான வெச்சுக் காட்டுனா?"

"உனக்கு ஓடணுமா, வேணாமா?"

"ஓடணும்."

"அப்ப வாய மூடிட்டு வா."

மகள் வாயை மூடிக்கொண்டாள். அவளைச் சும்மா சொல்லக்கூடாது, இரவு அக்காவுக்கு ஐஸ் கட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா "நீ படு, அடுத்த வாரம் ஓடணும்ல" என்று அவளையே திருப்பி அனுப்பினாள்.

ஓட்டத்தன்று வெயில் ஏறியிருந்தது. துப்பாக்கி வெடித்ததும் கடிகாரம் முன்னால் போய் இடம்பிடித்துக்கொண்டாள். சுற்றுக்குச் சுற்று வித்தியாசமே இல்லை. வாத்தியார் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் எதற்கென்றே தெரியவில்லை. மகள் அவள் நிழலை மிதித்துக்கொண்டே போனாள், முகத்தில் பதற்றமில்லை. ஐந்தாவது சுற்றில் வாத்தியார் ஒன்றைக் கவனித்தார். கடிகாரத்தின் இடது பாதம் குதிகாலை ஊன்றாமல் வெளி ஓரத்தில் விழுந்து எழுந்தது. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. நேரம் மட்டும் மாறவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு கோச், "வாத்தியாரே, உங்க பொண்ணு காலு ஒரு மாதிரி விழுதே" என்றார். "அவ ஓடறதே அப்படித்தான்" என்று இவர் பேச்சை முடித்தார்.

எட்டாவது சுற்று முடிந்தது. பேசி வைத்தபடி அவள் ஒதுங்க வேண்டிய இடம். கோட்டைத் தாண்டியதும் அவள் அவரைத்தான் பார்த்தாள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. 'போதுமா' என்று கண்ணாலேயே கேட்டாள். வாத்தியார் அவளுக்குப் பின்னால் வந்த மகளைப் பார்த்தார். எதிர்க்காற்று வேறு கிளம்பியிருந்தது. இப்போதே தனியாக விட்டால் பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிடுவாளோ என்று அவருக்குத் தோன்றியது. கையை உயர்த்தி வட்டமாகச் சுழற்றினார். இன்னும் ஒரு சுற்று.

அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள்.

ஓடி, அந்தச் சுற்றையும் அதே நேரத்தில் கொண்டுபோய், கடைசி வளைவில் விழுந்தாள். குச்சி முறிகிற மாதிரிச் சத்தம் வந்ததாக வேலியோரம் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். மகள் தடுமாறினாள், நின்றாள், திரும்பிக் குனியப் போனாள்.

"நிக்காத! ஓடு!" என்று மைதானம் அதிரக் கத்தினார் வாத்தியார்.

மகள் அக்காவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். குறித்த நேரத்துக்கு உள்ளேயே முடித்தாள். முகாமில் இடம் கிடைத்துவிட்டது. கைகொடுக்க வந்தவர்கள் கையையெல்லாம் குலுக்கி முடித்த பிறகுதான் வாத்தியார் ஸ்ட்ரெச்சரின் பக்கம் போனார்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து எலும்புக்குள் கம்பி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நடப்பதற்குப் பழுதில்லை, போட்டி ஓட்டத்தை மட்டும் மறந்துவிட வேண்டும் என்றாள். "இப்ப சொல்ல வேணாம், மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள். பிறகு உள்ளே வந்து படுக்கையில் இருந்தவளிடம் கேட்டாள்.

"இது நேத்து மட்டும் ஆனதில்லம்மா. கீறல் விழுந்து நாளாச்சு. ஒரே எடத்துல வலிச்சிருக்குமே, யார்கிட்டயும் காட்டலையா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த மகள் நிமிர்ந்தாள்.  வாத்தியாரின் இத்தனை வருஷத்துப் பெயரும் இப்போது படுக்கையில் இருந்தவளின் வாயில் இருந்தது.

"காட்டினேன் டாக்டர். சித்தப்பா பாத்தாரு. சதைன்னாரு."

"அவரு டாக்டரா?"

"கோச். ஆனா அவர் விரல் தப்பாது டாக்டர். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் சொட்டு மருந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"டாக்டர் கேட்டத மனசுல வெச்சுக்காதீங்க சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள். மயக்க மருந்தில் குரல் குழறியது. "ராத்திரி பூரா யோசிச்சேன். தப்பு என்மேலதான். நீங்க அன்னிக்கு எங்கெங்க வலிக்குதுன்னு எவ்வளவு பொறுமையா கேட்டீங்க. நான்தான் எல்லா எடத்துலயும் வலிக்குதுன்னு சொல்லிட்டேன். ஒழுங்கா சொல்லியிருந்தா நீங்க என்னை ஓடவே விட்டிருக்க மாட்டீங்க."

மகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அக்கா..." என்று ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வார்த்தை போதும். இல்லம்மா, எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்கப் போவதுமில்லை. ஆனால் அந்தப் பாவிக்கு அந்த நிமிஷம் வந்தது நிம்மதி.  கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"சரி விடும்மா, தெரியாமத்தான சொன்ன" என்றார். "அடுத்த தடவ சரியா சொல்லணும், என்ன?"

"கண்டிப்பா சொல்றேன் சித்தப்பா" என்று அவள் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.