மேல் வீடு, கீழ் வீடு

வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அந்த டாக்டரின் வேலை. தோளில் ஒரு பை, வாசலில் ஒரு வேன், அதை ஓட்ட ஒரு டிரைவர். அவளுடைய ஆஸ்பத்திரி அவ்வளவுதான். அவள் போகும் வீடுகளில் ஒன்றில் மட்டும் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது. மாடியில் அக்கா, கீழே தங்கை. அப்பா கட்டிய வீடு, ஆளுக்கொரு தளம்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்கா அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். தங்கை அப்போது கணவரின் ஆபரேஷனுக்காக வெளியூரில் இருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். அன்று நின்ற பேச்சுதான். கால் நன்றாக இருந்த காலத்தில் கேட்டருகே எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்போது அக்காவுக்கு இதயம் பலவீனம், இறங்க முடியாது. தங்கைக்கு இடுப்பெலும்பு முறிந்து தேறியதிலிருந்து வாக்கர்தான், ஏற முடியாது.

"மேல இருக்கறவ எப்படி இருக்கா?" என்று தங்கை ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"ஒருத்தர் உடம்பப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக்கூடாதும்மா."

"நீங்க சொல்லவே வேணாம் டாக்டரம்மா. விடிய விடிய இருமுறா. என் காதுக்கு ஒண்ணும் கேடில்ல."

மாடியில், ஓய்வுபெற்ற டீச்சரான அக்கா வேறு வழியில் கேட்பாள். "கீழ தையல் மெஷின் சத்தமே காணோமே?"

"அதையும் நான் சொல்லக்கூடாதும்மா."

"நான் மெஷினோட உடம்பத்தானே கேட்டேன்!"

மழைக்காலத்தில் ஒருநாள் அக்காவின் காலை டாக்டர் அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி மேலெழவே இல்லை. மருந்தைக் கூட்டியும் மூச்சிரைப்பு தணியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் அக்கா தூங்கினாள். ஆஸ்பத்திரி என்றதும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"போதும்மா. இந்தக் கட்டில்லயே முடியட்டும்."

டாக்டர் வற்புறுத்தவில்லை. மூச்சுத்திணறலைத் தணிக்கிற மருந்தைக் கொடுத்து, பகலும் இரவும் கூட இருக்க ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தாள். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள். "யாருக்காவது சொல்லணுமாம்மா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "கீழ சொல்லு. ஆனா நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

விஷயத்தைக் கேட்டதும் தங்கை வாக்கரைப் பிடித்து எழப் பார்த்தாள். "என்னை மேல கொண்டுபோங்க."

டிரைவரும் பக்கத்து வீட்டுத் தச்சரும் அவளை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முன்னால் பிடித்த டிரைவர், "பஞ்சு மாதிரிதான் இருக்கீங்க பெரியம்மா" என்றான்.

"எலும்பும் தோலுமா இருக்கேன்னு நேராவே சொல்லேன்பா."

படி திரும்பும் இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். தங்கை கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்திருந்தாள். "சீக்கிரம்பா" என்றாள், மெதுவாக.

நாற்காலியைக் கட்டிலை ஒட்டி வைத்தார்கள். அக்கா கண் திறந்தாள். டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வாசற்படியில் நின்றாள்.

"அம்மாவை எதுக்குடி அங்க கொண்டுபோய்த் தள்ளின?" தங்கையின் குரல் கிறீச்சிட்டது. "நான் வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியலயா உனக்கு? ஒரு வாய்க் கஞ்சி ஊத்த முடியலயா?"

அக்கா வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது.

"சொல்லு! எப்பவும் நீதானே பேசி ஜெயிப்ப? இப்ப ஏன் பேச மாட்டேங்கற? சொல்லுக்கா..."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அக்கா மெத்தையில் கை ஊன்றி, விலா ஏறி இறங்க, அங்குலம் அங்குலமாகச் சுவரோரம் நகர்ந்தாள். டாக்டர் ஓடிவந்து தாங்கினாள். அக்காவின் கை காலியான இடத்தைத் தட்டிக் காட்டியது.

டாக்டர் நர்ஸை உள்ளே கூப்பிட்டாள்; இருவருமாகத் தங்கையைத் தூக்கி அங்கே சாய்த்தார்கள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள். தங்கை அக்காவின் வீங்கிய விரல்களைத் தன் விரல்களோடு கோத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்கா இறந்துபோனாள். நர்ஸ் போன் செய்து டாக்டர் வந்தபோதும் தங்கை அந்தக் கையை விடாமல் படுத்திருந்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் கீழ் வீட்டுக்குப் போனாள். தங்கையின் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சரியாகச் சாப்பிடவில்லை.

"அவ என்னமோ சொல்ல வந்தா டாக்டரம்மா. அது என்னன்னு தெரியாமலே போச்சு. அம்மாவை வச்சுப் பாக்க முடியாம அவ என்ன பாடுபட்டாளோ, நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

இன்னும் மூன்று வீடுகள் பாக்கி இருந்தன. டிரைவர் வாசலில் வந்து எட்டிப்பார்த்தான். அவனை வேனில் காத்திருக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, அவள் பையைக் கீழே வைத்து, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.