ரிப்போர்ட் வர மூன்று நாள்

அந்த மஞ்சள் பலகையைப் பார்த்தாலே ஜம்புநாதனுக்கு எரிச்சல் மண்டையில் ஏறும். அவர் மனைவி தர்மாம்பாள் படுத்திருக்கும் தனி அறைக் கதவில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போகிறவன் அங்கி மாட்டணும், கையுறை போடணும். வெளியே வந்தால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவணும். நாற்பத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவளைத் தொட ரப்பர் கை!

சர்க்கரை வியாதியில் காலில் புண் என்றுதான் நிக்டி வீட்டிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். பொது வார்டில் போட்டு, நீல மூடி பாட்டிலை ஆறு நாள் ஏற்றினார்கள். காய்ச்சல் அசையவில்லை. பிறகு ஒரு டெஸ்ட் காகிதம் வந்தது. இது சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி, வேறு மருந்துதான் கேட்கும் என்றார்கள். அதற்குள் இரண்டு விரல் போய்விட்டது. அவளை இந்த அறைக்குள் தள்ளினார்கள். கிருமி கிருமி என்பதெல்லாம் இவர்கள் தப்பை மூடுகிற போர்வை என்று ஜம்புநாதன் முடிவு கட்டிவிட்டார்.

அதனால் தினமும் காலையில் உள்ளே போனதும் கையுறையை உருவிவிடுவார். கட்டுப் போட்ட காலைத் தடவிக் கும்பிட்டு, அவள் நெற்றியில் விபூதி பூசுவார். ரப்பர் விரலில் பூசினால் சாமி ஒத்துக்கொள்ளுமா? வெளியே வந்து அங்கியைக் கூடையில் எறிவார். குழாய்ப் பக்கம் போகமாட்டார். அதே கையோடு பொது வார்டுக்கு வந்து, தர்மாம்பாள் முன்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்துக் கட்டில் பவுனுக்கும் ஒரு கீற்று. பவுன் ஏரவாடாவில் கட்டட வேலை செய்யும் சேலத்துக்காரி. குடல் ஆபரேஷன் ஆகி, பார்க்க ஆளில்லாமல் கிடந்தாள். நழுவியிருந்தால் அவள் வயிற்றுக் கட்டையும் இழுத்து நேராக்கிவிட்டு வருவார்.

அன்றைக்குப் பவுன் கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

“என்னம்மா இவளுக்கு?” என்று நர்ஸ் செல்வமேரியைக் கேட்டார். அவள் தூத்துக்குடிக்காரி, வாய்க்கு வாய் பேசுபவள்.

“தையல்ல சீழ் வச்சிருக்கு தாத்தா. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம். ரிப்போர்ட் வர மூணு நாள் ஆகும்.”

“அதுவரைக்கும்?”

“வழக்கமான மருந்து ஓடுதுல்ல.”

நிமிர்ந்து பார்த்தார். நீல மூடி. ஆறு நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, எழுத்து தெரியாவிட்டாலும் மூடி தெரியும்.

“இது கேக்காதும்மா. தர்மாவுக்கு இப்ப ஏத்துறீங்களே, அதை ஏத்து.”

“நீங்க எப்ப டாக்டரானீங்க? அது கடைசி மருந்து. எல்லாருக்கும் குடுத்தா நாளைக்கு அதுவும் வேலை செய்யாது. அந்த ரூம் கிருமி இங்க நடந்தா வரும்?”

ஜம்புநாதன் தன் கையைப் பார்த்தார். நடந்து வரவில்லை, இதில் ஏறி வந்திருக்கிறது. சொன்னால் தர்மாம்பாளைப் பார்க்க விடமாட்டார்கள். கை கழுவாத ஒருத்தனை முந்தாநாள்தான் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அவளோ இவர் ஊட்டாமல் ஒரு வாய் இறக்கமாட்டாள். சொல்லாவிட்டால் பவுனுக்கு மூன்று நாள் வீண். தர்மாவுக்காவது கால் விரலோடு போயிற்று. வயிற்றில் எதை வெட்டி எறிவார்கள்?

“நான்தாம்மா!” என்று வெடித்தார். “கையுறையைக் கழட்டிட்டு அவ காலைத் தொட்டேன். அதே கையோட வந்து இவ கட்டையும் தொட்டேன். தினமும்! போதுமா?”

“கை கழுவலியா?”

“கழுவினா விபூதி போயிடாதா?”

“அட கடவுளே! இத்தனை நாள் செவுத்துக்கிட்டயா பேசினேன்? வேற யாரைத் தொட்டீங்க?”

“இவளை மட்டும்தான். மத்தவங்க யாரு என்னை மதிக்கிறாங்க?”

அவள் போனை எடுத்து டாக்டரிடம் மராத்தியில் பொரிந்து தள்ளினாள். டாக்டர் வந்தார், ஒரு முறை முறைத்தார். நீல மூடி பாட்டிலைக் கழற்றி வேறொன்றை மாட்டினார்கள். பவுனைக் கட்டிலோடு தனி அறைக்குத் தள்ளிப் போனார்கள்.

“பாட்டி ரூமுக்கு இனி நீங்க வரக்கூடாது. டாக்டர் சொல்லிட்டார்” என்றாள் செல்வமேரி.

“யாரு ஊட்டுவா? அந்த டாக்டரா?”

“நான் ஊட்டுறேன்.”

“நீ கிழிச்ச! ரசம் சாதத்தைக் குழையப் பிசையணும். வலது பக்கம் பல்லு இல்ல, இடது பக்கமா குடு. அவசரப்பட்டா புரையேறும்.”

“தெரியும், கிளம்புங்க.”

“என்ன தெரியும்? ரெண்டாவது வாயிலயே போதும்னுவா. விட்டுடாதே, இன்னும் எட்டு வாய் இறங்கும். எட்டு! காதுல விழுதா?”

லிப்ட் கதவு மூடிய பிறகும் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.