வசையில் விளைந்த கிழங்கு

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காஜா பெராங் வட்டாரத்தில் மரவள்ளிக்கிழங்கு திட்டினால் விளைந்தது. அரிசி கண்ணில் படாத அந்த நாளில் இதை அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், அவ்வளவுதான்.

திட்டியவர் மாணிக்கவாசகம். ஜப்பான் சண்டைக்கு முன் வாரப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர். பத்திரிகை நின்றுபோனதும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுத முடியாததை எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தார். நாகூர் மீரானின் நாடகக் குழு ஓலைக் கொட்டகையில் ‘பவளராணி’ போட்ட முதல் நாள், மங்களம் பாடி முடித்த கையோடு, "புருஷன் செத்த சேதி கேட்டு அழற அழுகையா இது? கோழி காணாமப் போனா எங்க பக்கத்து வீட்டுக்காரி இதைவிட நல்லா அழுவா!" என்று போட்டார் ஒரு போடு. ராணி வேஷம் கட்டிய கமலவேணி அரிதாரத்தோடு அப்படியே நின்றாள். மறுநாள் காலை, அவள் நின்ற மண் தரையில் மரவள்ளிச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. பிடுங்கினால் கிழங்கு ஒவ்வொன்றும் தொடை கனம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் நாடகம், ஞாயிறு காலை அறுவடை. மற்றவர்களும் திட்டிப் பார்த்தார்கள். வெறும் கூச்சலுக்குப் புல்கூட முளைக்கவில்லை. சுருதி எங்கே விலகியது, வசனம் எங்கே நொண்டியது என்று காரணத்தோடு திட்டினால்தான் அந்த மண் கேட்டது. ஒருதரம் மாணிக்கவாசகம் வாய்தவறி, "திரைச்சீலை பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். திரைப் பக்கத்துச் செடிகள் மொத்தமும் பட்டுப்போயின. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருந்து நடந்து வந்தவர்கள் வெறுங்கூடையோடு நின்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதற்கும் ஒன்றும் விளையவில்லை.

பொய்யாக ஒரு விமர்சனம் சொன்னதில்லை என்பது மாணிக்கவாசகத்தின் வீம்பு. குழு நிஜமாகவே மோசம்; ஆகவே அவருக்குச் சங்கடமில்லை. கமலவேணிக்கோ அவரைக் கண்டால் வயிறு எரியும். அவள் புருஷன் நடராஜனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

"அந்த ஆள் வாயால நல்லாருக்குன்னு ஒரு நாளாவது சொல்ல வைக்கல, என் பேரு கமலவேணி இல்ல" என்பாள்.

"சொல்லிட்டாருன்னா அப்புறம் நம்ம எல்லாரும் பட்டினிதான் லா, தங்கச்சி" என்பார் மீரான்.

நடராஜன் செத்த சேதி ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. நாடகம் வேண்டாம் என்றார் மீரான். அதற்குள் பிள்ளைகள் கூடைகளோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கமலவேணி வேஷம் கட்டினாள். ராஜா இறந்த கட்டத்தில் அவள் அழவில்லை, ஒப்பாரிப் பாட்டையும் பாடவில்லை. கீழே கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, உதறி, மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஐயோ, இப்படி ஒரு நடிப்பை மாணிக்கவாசகம் தன் ஆயுசில் பார்த்ததில்லை.

மங்களம் முடிந்தது. எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. கமலவேணியும் பார்த்தாள், இன்றைக்கு அவர் நல்லாருக்குன்னு சொல்லாமல் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் எழுந்தார். பிள்ளைகளின் கூடைகளைப் பார்த்தார்.

"துணி மடிக்கிறதைப் பாக்கவா இத்தனை பேர் வந்தோம்? பாட்டை முழுங்கிட்டா, வசனத்தை முழுங்கிட்டா. மரக்கட்டைக்கு எதுக்கு ராணி வேஷம்?"

குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார். "அடப் பாவி, இன்னைக்குமா!" என்று பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்ற, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

காலையில் செடிகள் கூரையை முட்டின. கமலவேணி தன் பங்கை உப்புகூட இல்லாமல் அவித்து, அவரைச் சபித்துக்கொண்டே வாயில் வைத்தாள். கிழங்கு தேனாய் இனித்தது. அவர் திட்டி விளைந்த எதுவும் அதுவரை இனித்ததே இல்லை. நேற்று அவர் திட்டியது மட்டும் பொய் என்று அவளுக்கு விளங்கியது. பிறகு, சேதி வந்ததிலிருந்து அழாதவள், நடராஜன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை மாணிக்கவாசகம் தயங்கித் தயங்கி எழுந்தபோது, ராணி தலையைக் குனியவில்லை.

"ம், திட்டுங்கய்யா" என்றாள்.

அதன்பின் ஜப்பான்காரன் போகும்வரை காஜா பெராங்கில் இனிப்புக் கிழங்குதான்.