பதினோரு முறை அழிந்த வரி

தேவதர்ஷினியின் திரை மட்டும் ஏன் எப்போதும் காலியாகவே இருக்கிறது என்பது பாடம் நடத்தும் சுபலட்சுமிக்குப் பிடிபடவில்லை. தாளில் எழுதச் சொன்னால் அந்தப் பெண் பத்து வரி பைத்தான் புரோகிராமைப் பிசகாமல் எழுதிவிடுவாள். அதையே லேபில் அடிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் கழித்தும் வெள்ளைப் பக்கம்தான். கீபோர்டு புதிதோ என்றால் அதுவும் இல்லை. சொந்த ஊரான மருங்காபுரியில் இருந்தபோதே டைப்ரைட்டிங் லோயர் முடித்தவள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து வரலாற்றுக்கு மாற வேண்டுமாம். திங்கட்கிழமை கடைசி நாள்.

"கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க மேம். எனக்கு இது வராது."

அழாமல் சொன்னாள். அதுதான் உறுத்தியது. திங்களன்று பார்க்கலாம் என்று சுபலட்சுமி அனுப்பிவைத்தாள்.

லேபில் புரோகிராம் அடிக்கும் எடிட்டர் எது என்று தேர்ந்தெடுத்தது சுபலட்சுமிதான். ஐந்து மாதத்துக்கு முன் வேலையில் சேர்ந்ததும், பிள்ளைகளுக்கு எது சுலபமோ அதைப் போட்டுக்கொள்ளும்படி துறைத்தலைவர் அழகிரி சொல்லியிருந்தார். கம்பெனிகளில் புழங்குவதையே இருபத்துநான்கு கணினிகளிலும் போட்டாள். திறந்த அடைப்புக்குறியை அதுவே மூடும், பாதிச் சொல்லுக்கு மீதியை எடுத்துக்கொடுக்கும். இதெல்லாம் எப்படி மேம் செய்கிறது என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் போனபின் தேவதர்ஷினியின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். காலிப் பக்கம் அப்படியே திறந்திருந்தது. கடைசியாகச் செய்ததைத் திருப்பும் கண்ட்ரோல்-இசட்டை அழுத்திப் பார்த்தாள். அழிப்பதும் ஒரு செயல்தானே. ஒரு வரி திரும்பி வந்தது. இன்னும் அழுத்தினாள். அதே வரி போனது, வந்தது. மதிப்பெண் முப்பத்தைந்தோ அதற்கு மேலோ என்று கேட்கும் வரி. பதினோரு முறை எழுதிப் பதினோரு முறை அழித்திருக்கிறாள். அடித்தவரை எதிலும் தப்பில்லை. எதுவும் முடியவும் இல்லை.

சுபலட்சுமி தானே அதை அடித்து, தேவதர்ஷினி பாதியில் நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினாள். கண் இமைப்பதற்குள் அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது. விரல் ஓய்ந்ததும், அதுவரை வந்ததை எடிட்டர் சரிபார்த்துவிடுகிறது. பாதி வரி எப்படியும் தப்புதான். போனில் இருப்பதைப் பார்த்துக் கடகடவென்று அடிப்பவர்கள் கோடு விழுமுன் வரியை முடித்துவிடுவார்கள். நின்று யோசிப்பவளுக்குத்தான் விழும்.

இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆசிரியர் அறை பூட்டிக் கிடந்தது. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து அம்மாள் காவிரிப் பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். மாடி அறையில் ரசம் கொதிக்கும்போது முழுப் பாடத்தையும் சுவருக்கு நடத்தினாள். ஞாயிறு முடியும்வரை அவள் இன்னொரு மனிதரிடம் பேசியது, பால் கடையில் அரை லிட்டர் கேட்டது மட்டும்தான்.

திங்கள் மதியம் தேவதர்ஷினி லேபில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏன் அழித்தாய் என்று சுபலட்சுமி கேட்டாள்.

"சிவப்பு விழுந்துச்சு மேம். எங்க ஸ்கூல்ல நோட்டுல சிவப்பு மை விழுந்தா முழுசா அடிச்சுட்டுத் திரும்ப எழுதணும்."

"முடிக்கிறதுக்குள்ளயே விழுந்துச்சே. யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"யாரைக் கேக்குறது மேம்?"

சுபலட்சுமி பைத்தானோடு சேர்ந்தே வரும் சின்ன எடிட்டரைத் திறந்துவைத்தாள். பழசு என்று அவள் ஒதுக்கியது. எல்லாக் கணினிகளிலும் இருந்தது. தேவதர்ஷினி கையைத் துடைத்துவிட்டு அடித்தாள். பாதியில் நின்றாள். திரையையே பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வரியை முடித்தாள், அடுத்த வரிக்குப் போனாள். பத்தும் முடிந்து ஓடவிட்டபோது ஏழாவதில் ஒரு பிழை. திருத்தினாள். ஓடியது.

"இனிமே இதுலயே எழுதலாமா மேம்?" என்றாள். படிவத்தை வெளியே எடுக்கவில்லை.

அன்று மாலை இருபத்துநான்கு கணினிகளிலும் அந்த எடிட்டரையே முன்னால் வைத்தாள் சுபலட்சுமி. அது எழுதும்போது எதையும் சரிபார்க்காது. ஓடவிட எஃப்-ஐந்தை அழுத்திய பிறகுதான் தப்பு எங்கே என்று சொல்லும்.